கல்லுடைக்க அழைத்தார்கள், காட்டுக்கு அழைக்கவில்லை

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும் 1876–78 பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவை உருக்குலைத்துப் போட்டது. 1871இல் சுமார் 19.7 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1881இல் 16 லட்சமாகச் சுருங்கியிருந்தது. தருமபுரி, அரூர், பென்னாகரம் எல்லாம் அப்போது அந்த ஜில்லாவின் பகுதிகள். தனி மாவட்டம் பிறந்தது 1965இல்தான். பசித்து வந்தவர்களுக்கு அரசு காட்டிய வேலைகளில் முதன்மையானது சாலை வேலை. கருங்கல்லை உடைக்க வேண்டும், கூடையில் சுமக்க வேண்டும், குவித்த ஜல்லியை அளந்து கூலி. 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் வகுத்த கணக்குப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. இந்த அளவில் உடல் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் வாதாடினார். அந்தக் கூலிச் சண்டையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அத்தனை லட்சம் கைகளின் உழைப்பு எதில் போடப்பட்டது என்ற கேள்விக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. தருமபுரியைப் போன்ற மானாவாரிச் சீமைக்கு அதுவே பெரிய கேள்வி என்பேன்.

பஞ்சம் ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள் அரசு இரண்டு முடிவுகளை எடுத்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மலையும் கரடும் காப்புக்காடுகளாகி, ஆடுமாட்டுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு விழுந்தது. 1880இல் பஞ்சக் கமிஷன் தந்த அறிக்கையிலிருந்து 1883இல் நிவாரண விதித்தொகுப்பு உருவானது. பஞ்சம் வந்தால் யாருக்கு, எந்த வேலை, என்ன கூலி என்று அது வரையறுத்தது. இரண்டும் ஒரே மண்ணுக்கான சட்டங்கள். ஆனாலும் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படவேயில்லை. பஞ்ச காலத்தில் காட்டைத் திறந்துவிட்டால் அது மேய்ச்சலுக்கான சலுகை. காட்டைச் சீர்செய்வதே நிவாரண வேலையாக முடியும் என்று யாரும் அழுத்தமாகச் சொல்லவில்லை. சாலைக்கு அடுத்து ரயில் வந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் ஓடத் தொடங்கி, 1913இல் ஓசூர் வரை நீண்ட இரண்டரை அடி அகலக் குறும்பாதை, பஞ்சக் காப்புப் பாதை என்ற கணக்கில் போடப்பட்டது. வெளியூர்த் தானியத்தை உள்ளே கொண்டுவருவது அதன் நோக்கம். அது தேவையான நோக்கம்தான். ஆனால் 1941இல் யுத்தத்துக்காக அந்தப் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். ஊரின் பஞ்சத்துக்கென்று போட்ட பாதை, ஊரைக் கேட்காமலே போயிற்று.

இரண்டு முடிவுகளையும் இணைக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி உண்டு. பெருமந்தத்தில் வேலையிழந்த இளைஞர்களை 1933இல் ரூஸ்வெல்ட் அரசு காட்டு முகாம்களுக்கு அனுப்பியது. ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர், ஏறத்தாழ 300 கோடி மரங்கள், நூற்றுக்கணக்கான பூங்காக்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போகும். அந்த முகாம்களைப் புனிதமாக்க வேண்டியதில்லை: பெண்களுக்கு அங்கே இடமில்லை, கறுப்பினத்தவரைப் பெரும்பாலும் தனி முகாம்களில் ஒதுக்கினார்கள். ஆனாலும் பசிக்கான கூலியும் மண்ணுக்கான சிகிச்சையும் ஒரே செலவில் நடக்கும் என்பதை அவை காட்டிவிட்டன.

மழையே பொய்த்த ஆண்டில் கன்று நட்டு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைவிடக் கடினமான கேள்வியும் உண்டு: மழை விழுந்ததும் கூலியாட்கள் சொந்த வயலுக்குத் திரும்புவார்கள், நிவாரண வேலையை மூடுவார்கள், நடவேண்டிய நேரமோ அப்போதுதான் தொடங்கும். ஆனால் காட்டு வேலை என்பது நடுவது மட்டுமல்ல. சரிவில் சமமட்ட வாய்க்கால் வெட்டுவதும், ஓடையில் கல்தடுப்பு அடுக்குவதும், குழி தோண்டி ஆறப்போடுவதும் காய்ந்த மாதங்களில் செய்ய வேண்டியவை; பஞ்சக் கூட்டத்துக்கு ஏற்ற வேலைகளும் அவைதான். 1981இல் ஸ்வீடன் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் ஏரி உள்வாய்களில் கருவேலம் வளர்த்துக் காட்டியது. வறண்ட மாவட்டத்தில் மரம் பிழைக்காது என்ற பேச்சு அதற்குப் பிறகு எடுபடாது.

அதுதான் நூறு நாள் வேலை வந்ததே, அங்கே என்ன நடந்துவிட்டது என்பது இன்னொரு வாதம். அந்த வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த வேலைகளின் பட்டியலில் நீர்ச்சேமிப்புக்கு அடுத்த இடமே காடு வளர்ப்புக்குத்தான். நூற்றிருபது ஆண்டுக்குமுன் விட்டுப்போன இணைப்பைச் சட்டம் எழுத்தில் போட்டுவிட்டது. 2008இல் அது தருமபுரிக்கும் வந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏரிக்குள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக இறங்கி, ஆழம் காட்ட நடுவில் ஒரு மண்திட்டை விட்டுவைத்து, சுற்றிலும் வெட்டி எடுத்தார்கள்; டேப் பிடித்து அளந்தால் அன்றைய கூலி தெரியும். ஜல்லிக் குவியலை அளந்த அதே முறை. அளக்க வசதியானது மண். கன்றுக்கு மூன்று கோடை தண்ணீர் ஊற்றுவதைக் கன அடியில் அளக்க முடியாது. ஆட்கள் சோம்பேறிகள் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. மாவட்டப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அந்தக் காட்டோரக் கிராமங்களில், தண்ணீர் ஊற்றும் நாளையும் வேலி காக்கும் நாளையும் முழுக் கூலி நாளாக வருகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிழைத்த மரத்தின் பலனில் பங்கும் அந்தப் பெண்களின் பெயரிலேயே எழுதப்பட வேண்டும்.