கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய ஓக் மரத்தரை... மெஷினை ஓட்டும் முன் என்னென்ன பார்க்கணும்?

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்களில் பலர் முதலில் செய்யும் வேலை, மங்கிப்போன கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் அடியில் அசல் ஓக் மரத்தரை இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கட்டிய வீடுகளில் மரத்தரை சகஜம். 1950, 60களில் கார்ப்பெட் மோகம் வந்தபோது பல வீடுகளில் அதன் மேலேயே விரித்துவிட்டார்கள்.

சரி, வாடகைக்கு சாண்டிங் மெஷின் எடுத்து இழைத்து, மேலே வார்னிஷ் அடித்தால் வேலை முடிஞ்சுதா? அவ்வளவு சுலபம் இல்லை. மெஷினை ஓட்டும் முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

எத்தனை முறை இழைக்கலாம்?

வழக்கமான ஓக் பலகையின் கனம் முக்கால் அங்குலம், அதாவது சுமார் 19 மி.மீ. பலகையின் ஒரு பக்கம் நாக்கு போல நீட்டியிருக்கும். அது பக்கத்துப் பலகையின் காடிக்குள் போய் உட்காரும். ஆணி அடிப்பதும் அந்த நாக்கில்தான். நாக்குக்கு மேலே இருக்கும் சுமார் 6 மி.மீ மரம்தான் இழைக்கக் கிடைப்பது. ஒருமுறை முழுசாக இழைத்தால் 1 மி.மீ வரைகூடப் போய்விடலாம்.

சில பழைய வீடுகளில் 8 மி.மீ கனமே உள்ள பலகைகளை மேலிருந்து ஆணியடித்துப் பதித்திருப்பார்கள். அதில் இழைக்க ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். ஹீட்டர் காற்று வரும் தரைக் கிராதியைக் கழற்றினால் பலகையின் ஓரம் தெரியும். மிச்சக் கனத்தை அங்கேயே அளந்துவிடலாம்.

இழைத்தே ஆகணுமா?

தரையில் சில சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறது. மேற்பூச்சில் மட்டும் கீறல் என்றால், பூச்சை லேசாக உரசிவிட்டு புதிதாக ஒரு கோட் அடித்தாலே போதும். தண்ணீர் உள்ளே இறங்கி மரம் கறுத்தால்தான் முழுசாக இழைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். மெழுகு போட்ட தரை என்றால் கவனம்: மெழுகின் மேல் பாலியூரிதேன் ஒட்டாது.

குளிர்காலத்தில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் உடனே அடைக்காதீர்கள். ஹீட்டர் ஓடும்போது மரம் வறண்டு சுருங்கும். கோடையில் ஈரப்பதம் ஏறியதும் பல இடைவெளிகள் தானாகவே மூடிக்கொள்ளும்.

தூசியில் என்ன ஆபத்து?

வீடுகளுக்கான பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா 1978ல் தடை செய்தது. அதற்கு முன்பு கட்டிய வீட்டின் தரையில் அடித்த பெயின்ட்டிலும் வார்னிஷிலும் ஈயம் இருக்கலாம். இழைக்கும்போது அது தூசியாகப் பறந்து வீடு முழுக்கப் படியும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் பாதிப்பு அதிகம். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

இன்னொன்று, பழைய தரை ஓடுகளும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையும். இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. இரண்டையும் ஆய்வகத்தில் பரிசோதித்த பிறகே கை வைக்க வேண்டும். அதுவரை சுரண்டவும் கூடாது, இழைக்கவும் கூடாது.

துணியில் எப்படித் தீ பிடிக்கும்?

பலருக்கும் தெரியாத ஆபத்து இதுதான். மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் காய்கிறது. அப்போது சூடு உண்டாகும். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சில மணி நேரத்தில் தீக்குச்சியே இல்லாமல் தீ பிடித்துவிடும்.

1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் நடந்தது இதுதான். மரச்சுவர்ப் பலகைகளைப் புதுப்பித்தவர்கள் 22வது மாடியில் விட்டுப்போன ஆளிவிதை எண்ணெய்த் துணிகளில் இருந்து தீ கிளம்பியது. அணைக்கப் போன 3 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். 30வது மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள்தான் தீ மேலே பரவாமல் தடுத்தன.

அப்போ என்ன செய்யணும்?

* எண்ணெய்த் துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காய விடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய இரும்பு டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள்.
* சாண்டிங் மெஷினின் தூசிப் பையிலும் இதேபோல் தீ பிடிக்கலாம். வேலை நிற்கும்போதெல்லாம் வீட்டுக்கு வெளியே காலி செய்யுங்கள்.
* பூச்சு வேலை நடக்கும்போது ஸ்டவ், ஹீட்டரின் பைலட் சுடர் எல்லாம் அணைந்திருக்கட்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.
* இழைக்கும்போது மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். அங்கே பள்ளம் விழும். அதைச் சரிசெய்ய சுற்றியுள்ள மரத்தையும் அந்த ஆழத்துக்கு இழைக்க வேண்டிவரும்.

80 வருடம் தாங்கிய தரை, ஒரு கோட் பூச்சுக்காக இன்னும் சில வாரம் காத்திருக்கும். பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகு மெஷினை வாடகைக்கு எடுத்தால் போதும்.