கோச்சி வந்த ஊர்

ஸ்பிரிங்வெளிக்குத் தண்டவாளம் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் அந்த மலை லயங்களில் பிறந்த நமக்குப் பதுளை என்றால் முதலில் ஸ்டேசன், பிறகுதான் பள்ளிக்கூடம்.

1894இல் பண்டாரவளையை எட்டிய ரயில் பாதை, சுமார் 20 மைல் தள்ளியுள்ள பதுளைக்கு வந்துசேர 30 ஆண்டுகள் பிடித்தன. இறக்கம் அப்படி. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றிவந்து, தான் விட்டுவந்த ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. 1924இல் பதுளைக்குக் கோச்சி வந்தது. தேயிலைப் பெட்டிகள் ஸ்டேசனிலேயே ஏறிக் கொழும்புக்குப் போயின; அரிசியும் உரமும் வந்தன. கடைவீதி வளர்ந்தது.

அதே பாதைதான் நம்மவர்களைக் கொண்டும் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். தகரப் பெட்டியோடு பதுளையில் ஏறியவர்கள் பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். அந்த ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். 1984இல் கப்பல் நின்றது. அதற்குப் பிறகு பள்ளிக்குப் போன நாம் அதைப் பார்க்கவில்லை. பழைய இடாப்புகளில் வருட நடுவில் வெட்டப்பட்ட பெயர்களைத்தான் பார்த்தோம்.

தேயிலை மெல்ல மெல்ல லொறிக்கு மாறியது. கொழும்புக்குப் படிக்கப்போன நாமே இரவு மெயிலை விட்டு பஸ்ஸுக்கு மாறினோம். குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. இன்று உல்லாசப் பயணிகள் எல்லவில் இறங்கிவிட, கோச்சி பாதி காலியாகப் பதுளைக்கு வருகிறது.

கிளினிக்கில் வயதான அம்மாமாரிடம், கூடப்பிறந்தவர்களுக்குச் சீனி வருத்தம் உண்டா என்று கேட்கிறோம். “தெரியாதுங்க டொக்டரம்மா, அவங்கெல்லாம் அப்பவே ஊருக்குப் போயிட்டாங்க” என்கிறார்கள். குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் நாம் எழுத ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது.

கோத்தகிரியிலோ கூடலூரிலோ இம்மலரைப் புரட்டும் அக்காமாரே, எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வருடம் போனீர்கள் என்று சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இங்கே விட்டுப்போன தங்கச்சிமாரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தேடிப் பார்க்கிறோம்.