ஒட்டகப் பந்தயச் சிறுவர்கள் (ஐக்கிய அரபு அமீரகம்)

பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மொரித்தானியா ஆகிய நாடுகளின் ஏழைக் குடும்பங்களிலிருந்து தரகர்கள் வழியே ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, ஒட்டகப் பந்தயங்களில் ஓட்டிகளாகப் பயன்படுத்தப்பட்ட சிறார்கள் இவ்வாறு குறிக்கப்படுகின்றனர். சுமை குறைந்தால் ஒட்டகம் விரைந்தோடும் என்பதற்காக நான்கைந்து வயதுக் குழந்தைகளும் அதன் முதுகில் ஏற்றப்பட்டதோடு, எடை கூடிவிடாதிருக்க அவர்களுக்கு அரைவயிற்று உணவே அளிக்கப்பட்டதுதான் இவ்வழக்கத்தின் மிகக் கொடிய கூறாகும். 2005இல் 18 வயதுக்குட்பட்டோரை ஓட்டிகளாக அமர்த்துவது குற்றமாக்கப்பட்டு, ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்பின் துணையுடன் நூற்றுக்கணக்கானோர் தாயகம் அனுப்பப்பட்டனர்; மிக இளவயதிலேயே பிரிக்கப்பட்டுப் பெற்றோரையே அறியாதிருந்தவர்களுக்கு அத்திரும்புதலும் துன்பமாகவே அமைந்தது. சிறுவர்கள் இருந்த இடத்தில் இன்று, தொலைவிலிருந்து இயக்கப்பட்டுச் சாட்டை சுழற்றும் சிறு எந்திரங்கள் பொருத்தப்படுகின்றன. பின்னர், குழந்தைகளின் பொதுவான பாதுகாப்புக்காக அமீரகம் இயற்றிய 2016ஆம் ஆண்டின் குழந்தை உரிமைச் சட்டம், ஆசிரியரும் மருத்துவரும் குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டால் உரிய அமைப்புக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கியது.