பஞ்சாமிர்தத்துக்கு ஒரு ஷாப்பிங் லிஸ்ட்: ஈரோட்டிலிருந்து பழனி வரை

இந்த எபிசோடுக்கு ஒரு கார், ரெண்டு கட்டைப்பை, ஒரு சனிக்கிழமை போதும். ஈரோட்டில் கிளம்பி கவுந்தப்பாடி, ஊத்துக்குளி, காங்கேயம், தாராபுரம் வழியா பழனி போறோம். வழியில் வாங்கப்போறது நாட்டுச்சர்க்கரை, வெண்ணெய், மலை வாழைப்பழம். மூணும் எங்க சேரும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். தேனும் ஏலக்காயும் மலைச்சரக்கு, அந்தக் கதை இன்னொரு நாள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் லங்காஸ்டர்னு ஒரு பகுதி இருக்கு. கார் ஓட்டாம இன்னமும் குதிரை வண்டியில் போற அமிஷ் மக்களோட ஊர். சிட்டிக்காரங்க கார் எடுத்துட்டுப் போய் அவங்ககிட்ட வெண்ணெயும் ஜாமும் வாங்கிட்டு வருவாங்க. அங்க ஒரு சமூகத்தோட பேர்தான் பிராண்ட். நம்ம கொங்குல ஊர்ப்பேர்தான் பிராண்ட். ஊத்துக்குளி வெண்ணெய், கவுந்தப்பாடி சர்க்கரை, ஈரோடு மஞ்சள். ஆனா ஏன் அந்த ஊர்? பக்கத்து ஊர் ஏன் இல்லை?

இதே மாதிரி ஊர் ஊரா கேட்டுக்கிட்டே போன ஒருத்தர் உண்டு. 1799-ல் திப்பு சுல்தான் விழுந்ததும் இந்தப் பகுதி கம்பெனி கைக்கு வந்துச்சு. அடுத்த வருஷமே பிரான்சிஸ் புக்கானன்னு ஒரு டாக்டரை வெல்லெஸ்லி பிரபு அனுப்பினார். மெட்ராஸில் கிளம்பி மைசூர், கொங்கு, மலபார்னு சுத்தினார். என்ன விளையுது, தண்ணி எங்கிருந்து வருது, வரி எவ்வளவுன்னு எழுதிக்கிட்டே போனார். 1807-ல் லண்டனில் மூணு வால்யூமா அச்சாச்சு. புதுசா கிடைச்ச நாட்டில் எவ்வளவு தேறும்னு பார்க்கிற கணக்குதான் அது. ஆனா நமக்கு அது 200 வருஷத்துக்கு முந்தின கொங்கு.

கொங்கு விவசாயியோட பேச்சில் நிலம் மூணு வகை. வாய்க்கால் தண்ணி பாயுறது வயல். கிணத்துத் தண்ணி பாயுறது தோட்டம். மழையை மட்டும் நம்புறது காடு. ஆமா, இங்க காடுன்னா மரம் அடர்ந்த காடு இல்லீங்க, மானாவாரி நிலம். நம்ம லிஸ்ட்டை இந்த மூணு சொல்லை வெச்சுப் படிச்சா எல்லாம் புரிஞ்சுடும்.

ஈரோடு, வயல் நாடு. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆத்தில் ஒரு அணை கட்டி, அங்கிருந்து கொடுமுடி பக்கம் நொய்யல் வரைக்கும் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின ஈரோடு மஞ்சளுக்கு இந்த வாய்க்கால் ஒரு பெரிய காரணம். சொந்த லாபத்துக்காக வெட்டினான்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு அவர் குடும்பத்தோட அந்தப் பாசனப் பகுதியை விட்டே போயிட்டார்னு ஒரு கதை உண்டு. போன ஊர் பேர் ஊத்துக்குளி! ஆனா அது பொள்ளாச்சி பக்கத்து ஜமீன் ஊத்துக்குளி. நம்ம வெண்ணெய் ஊத்துக்குளி திருப்பூர் பக்கம். மேப்பில் பார்த்து டைப் பண்ணுங்க.

கவுந்தப்பாடிக்கு வாய்க்கால் வந்தது ரொம்பப் பிற்பாடு. பவானிசாகர் அணை 1955-ல் முடிஞ்சு, கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடினப்போ, சுத்தியிருந்த காடெல்லாம் வயலாச்சு. கரும்பு வந்துச்சு, ஆலை கொட்டகை வந்துச்சு. இங்க இருக்கிற ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சனிக்கிழமை நாட்டுச்சர்க்கரை ஏலம் நடக்கும். 60 கிலோ மூட்டை. பழனி தேவஸ்தானமே இங்க வந்து கொள்முதல் பண்ணுது. நீங்க வாங்கும்போது பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிறதை விட்டுட்டு, பழுப்பா இருக்கிறதை எடுங்க. நிறத்துக்காக ஹைட்ரோஸ் போடுறதும், வெள்ளைச் சர்க்கரை கலக்கிறதும் இந்தத் தொழிலோட பழைய வியாதி.

இப்ப ஊத்துக்குளி. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண் இருக்கு. தண்ணி நிறைய இருக்கிற ஊர்லதான் பால் வளம்னு நினைப்போம். வெண்ணெய்க்குப் பேர் வாங்கினதோ வறண்ட நாடு. ஊத்துக்குளியிலிருந்து காங்கேயம், தாராபுரம் வரைக்கும் கொறங்காடுன்னு ஒரு மேய்ச்சல் முறை. கிளுவை முள்வேலி போட்டு அடைச்ச காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். வேலிக்குள்ள மாட்டை விட்டுட்டா, ஆள் நின்னு மேய்க்க வேண்டியதில்லை. உழவுக்கும் கவலை இறைக்கவும் காங்கேயம் காளை, பாலுக்கு எருமை. இதுதான் பழைய குடும்பக் கணக்கு.

பால் அன்னைக்கே கெட்டுப்போகும். டவுன் தூரம். அதனால கடைஞ்சு வெண்ணெய் எடுத்துட்டு, மோரை வீட்டுக்கு வெச்சுக்கிட்டாங்க. வெண்ணெய் சில நாள் தாங்கும், முருங்கைக்கீரை போட்டு உருக்கின நெய் மாசக்கணக்கில் தாங்கும். மெட்ராஸ் ரயில் பாதை 1862-ல் போத்தனூர் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பாதையில்தான் ஊத்துக்குளி ஸ்டேஷன் இருக்கு. ரயில் நிக்கிற ஊரோட பேர் சரக்கு மேல ஒட்டிக்கிறது சகஜம்தானே. சுத்துப்பட்டு ஊர்களோட வெண்ணெய் எல்லாம் ஒரே பேரில் போனதுக்கு இதுவும் காரணம்னு நான் நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு எப்படி உடைஞ்சது? 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்துச்சு. கோயம்புத்தூருக்கு மில் கொடுத்த அதே கரண்ட், தோட்டத்துக்கு மோட்டார் கொடுத்துச்சு. கவலை இறைச்ச காளைக்கு வேலை போச்சு. அப்புறம் டிராக்டர், கலப்பின மாடு, பாலாகவே எடுத்துட்டுப் போற சொசைட்டி. கடைசியா ரியல் எஸ்டேட். கொறங்காட்டை அளந்து மஞ்சள் கல் நட்டிருக்கிறதை இந்த ரோட்டிலேயே பார்க்கலாம்.

வழியில் சென்னிமலை பக்கம் ஒரத்துப்பாளையம் அணையையும் எட்டிப் பாருங்க. நொய்யல் குறுக்கே பாசனத்துக்குன்னு 1992-ல் கட்டினது. வந்து தேங்கினது திருப்பூர் சாயத்தண்ணி. திறந்துவிட்டா கீழே இருக்கிற நிலம் கெடும்னு விவசாயிகளே போராட வேண்டி வந்துச்சு. 2011-ல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லுச்சு. நம்ம டி-ஷர்ட் ஒரு பக்கம், நம்ம வெண்ணெய் இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே ஆத்துப் படுகை.

ஊத்துக்குளி கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, எருமையா, பசுவா?" பெரும்பாலும் பதிலோட ஒரு கதையும் வரும். காது கொடுங்க. கடைக்காரர் விலையைச் சொல்றதுக்கு முன்னாடி நாட்டு எருமை ஏன் குறைஞ்சதுன்னு சொல்லிடுவார்.

கடைசி ஸ்டாப் பழனி. இங்க வயலும் இல்லை, காடும் இல்லை, மலை. விருப்பாச்சி, சிறுமலைப் பழத்தில் ஈரப்பதம் கம்மி. பஞ்சாமிர்தத்தில் சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டாங்க, அப்படியும் அது நாள்பட நிக்குதுன்னா சர்க்கரையோட சேர்த்து இந்தப் பழமும் காரணம். 1970-கள்ல முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்கள் பெரும்பாலும் அழிஞ்சுபோச்சு. நோயில்லாத கன்னுகளை திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கி, வேளாண் பல்கலைக்கழகம் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாச்சு. 2019-ல் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ, தமிழ்நாட்டில் அதை வாங்கின முதல் கோயில் பிரசாதம் அதுதான். பேருக்குப் பாதுகாப்பு கிடைச்சாச்சு. அந்த வெண்ணெய்க்குப் புல் கொடுத்த கொறங்காட்டுக்கு அப்படி ஒரு பேப்பர் இல்லை.

அடுத்த எபிசோடில் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் மாட்டுச்சந்தை. சித்திரையில் கூடுற சந்தை, தொப்பி எடுத்துக்கோங்க.