ஹெந்தளையும் பாரிசும்

கொழும்புக்கு வடக்கே, களனி கங்கையைக் கடந்தால் ஹெந்தளை. அங்குள்ள தொழுநோய் வைத்தியசாலையை 1708 இல் அமைத்தவர்கள் ஒல்லாந்தர். வைத்தியசாலை என்கிறோம், அந்நாளில் அந்நோய்க்கு மருந்து ஏது? நோயாளரை ஊரிலிருந்து விலக்கி வைத்த இடம் என்பதே பொருந்தும்.

1873 இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் நோய்க் கிருமியைக் கண்டறிந்தார். சாபம், முற்பிறவிப் பாவம் என்ற பேச்செல்லாம் அத்துடன் ஓய்ந்திருக்க வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. கிருமி என்றறிந்ததும் தொற்று பற்றிய அச்சம் மிகுந்தது. ஆங்கில அரசின் 1901 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. திருடனுக்குக்கூடத் தண்டனைக் காலம் குறிக்கப்படும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

வீட்டிலிருந்தே உண்டு குணமடையத்தக்க கூட்டு மருந்து இலங்கைக்கு 1983 இல் வந்தது. எனினும் போக்கிடமற்ற முதியோர் ஹெந்தளையிலேயே தங்கினர்.

அதே 1983 இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் எயிட்ஸ் நோயின் வைரசைக் கண்டறிந்தனர். பழைய அச்சம் புதிய நோயைப் பற்றிக்கொண்டது. ஆனால், பாரிஸ் நோயாளரை எவரும் பூட்டி வைக்கவில்லை. அவர்களுக்கு வீதி இருந்தது. 1989 இல் தோன்றிய 'அக்ட் அப்' சங்கத்தில் நோயாளரும் நண்பரும் கூடி, மருந்தாய்வின் முடிவுகளை மறைக்காது வெளியிடுமாறு கம்பனிகளிடம் முறையிட்டனர். வாயில்களில் செந்நிற நீரையும் வீசினர். முரட்டுச் செயல்தான். சாவை எதிர்நோக்கியவர் வேறெவ்வாறு கேட்பர்? அச்சங்கத்தில் தாமும் இருந்த ரொபன் கம்பியோ, 2017 இல் அந்நாட்களை 'நிமிடத்துக்கு 120 துடிப்புகள்' என்னும் திரைப்படமாக்கினார். பயனுள்ள கூட்டு மருந்து 1996 இல் கிட்டியது. படத்தின் இளைஞன் ஷோன் அதற்கு முன்னரே இறந்துவிடுகிறான்.