நல்லூர் அரண்மனையும் வமிசத் தேட்டமும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் சந்ததியினர் தாமென உரிமை பாராட்டும் யாழ்ப்பாணக் குடும்பங்களுள் ஒன்றிலே பிறந்து, அயல்தேசத்தில் வளர்ந்த ஒருவர், மூதாதையரின் அரண்மனையைத் தரிசிக்கும் அபிலாஷையோடு நல்லூருக்கு வருவாராயின், பருத்தித்துறை வீதியோரத்தே தனித்து நிற்கும் சங்கிலித்தோப்பு வளைவையும், அதற்கு அணித்தாயுள்ள மந்திரிமனையையும், பகர வடிவில் அமைந்த யமுனா ஏரியையுமே காண்பார்.

வளைவும் மனையும் இன்றுள்ள உருவில் ஒல்லாந்தர் காலத்தன என்பது சரித்திர ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. ஏரி ஒன்றே அரசர் காலத்ததென மரபு சாதிக்கின்றது.

1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா படையோடு வந்து சங்கிலி மன்னனைச் சிறைப்பிடிக்க, அவன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு ஆங்கே மரணதண்டனைக்கு உள்ளாக்கப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயிலும் இடிக்கப்பட்டது. ஆட்சிபீடம் கடலோரத்துக்குப் பெயர்ந்தபின் நல்லூர் ராஜதானி வெறும் கிராமமாயிற்று.

வமிசத்தை ஆராய்வோர் முதலிற் கையிலெடுப்பது, ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை. கைலாயமாலை, வையாபாடல் முதலிய பழைய நூல்களைத் தழுவிய அதன் காலக்கணக்கை, சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் வெளியிட்ட தமது விமர்சன நூலிலே தயவு தாட்சணியமின்றிச் சோதித்தார்.

என் அபிப்பிராயத்தில், வமிசப் பெருமை பேசும் ஏடுகளைக் காட்டிலும், வரி தண்டும் பொருட்டு ஒல்லாந்தர் காணிகளையும் உடையவர்களையும் பதிந்துவைத்த தோம்புகளே நம்பத்தக்கவை. வரி வாங்குபவனுக்கு எவருடைய பாட்டனையும் அரசனாக்க வேண்டிய அவசியமில்லையன்றோ!