பரிசுத்தமாகுதல்

மீட்கப்பட்டவரைத் தேவன் பாவத்தின் பிடியிலிருந்து படிப்படியாக விடுவித்துத் தமக்குரியவராக உருவாக்குகிறார் என்னும் கிறித்தவக் கோட்பாடு. கத்தோலிக்கர் புனிதமாக்குதல் என்பர். புராட்டஸ்டண்டுப் பார்வையில், பாவியை நீதிமான் எனத் தேவன் அறிவிக்கும் நீதிமானாக்கப்படுதல் ஒரே தீர்ப்பில் முடிகிறது. பரிசுத்தமாகுதல் வாழ்நாள் முழுதும் நடக்கிறது.

பழைய ஏற்பாட்டில் ஓய்வுநாள், ஆசாரியர், ஆசரிப்புக் கூடாரத்தின் பணிமுட்டுகள் ஆகியவை பொதுப் புழக்கத்திலிருந்து பிரித்துக் கர்த்தருக்கென வைக்கப்பட்டன. பணிமுட்டு எதுவும் தன்னைத் தானே பிரதிஷ்டை செய்துகொள்வதில்லை. இஸ்ரவேலரைப் பரிசுத்தமாக்குகிறவர் தாமே என்று கர்த்தர் உரைப்பதாக லேவியராகமம் 20:8 கூறுகிறது. பவுலும் 1 தெசலோனிக்கேயர் 5:23இல் இவ்வேலையைத் தேவன் பொறுப்பிலேயே விடுகிறார். பிலிப்பியர் 2:12 விசுவாசியின் முயற்சியை வற்புறுத்துகிறது. அம்முயற்சிக்கான விருப்பத்தையும் செயலையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது அடுத்த வசனம். முதல் வசனத்தோடு நிறுத்திக்கொள்வோர் எக்காலத்திலும் உண்டு.

அவர்களுள் பெயர்பெற்றவர் பெலாஜியஸ். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்த இத்துறவி அங்குள்ள கிறித்தவரின் ஒழுக்கத் தளர்ச்சி கண்டு மனம் நொந்தவர். கட்டளையிடுவதைச் செய்யும் ஆற்றலையும் தேவனே தரவேண்டும் என்ற பொருளில் திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் தம் அறிக்கைகள் நூலின் பத்தாம் பகுதியில் எழுதிய வேண்டுதலை ஓர் ஆயர் எடுத்துச் சொல்லக் கேட்டு, பெலாஜியஸ் பொறுக்கமாட்டாமல் மறுத்தார். இதனைப் பதிவு செய்தவர் அகுஸ்தீனாரே. மனிதனால் இயலாததைத் தேவன் கேட்பாரா என்பது பெலாஜியஸின் வாதம். ஆதாமின் வீழ்ச்சியால் சித்தமே நோயுற்றிருக்க, அது தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ள இயலாது என்பது அகுஸ்தீனாரின் மறுமொழி. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியக் கொள்கையைக் கண்டித்தது. விசுவாசத்தின் தொடக்கமும் கிருபையே என்று 529இல் ஆரஞ்சு நகரச் சங்கம் அறுதியிட்டது.

நீதிமானாக்கப்படுதலும் பரிசுத்தமாகுதலும் கிறிஸ்துவோடு இணைவதால் ஒருங்கே கிடைக்கும் இரு வரங்கள் என்றார் சீர்திருத்தவாதி கால்வின். கத்தோலிக்கரின் திரெந்துப் பொதுச்சங்கம் (1547) இரண்டையும் ஒன்றாகவே கொண்டது. நீதிமானாக்குதலைத் தேவனின் செயல் என்றும் பரிசுத்தமாக்குதலை அவரது வேலை என்றும் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடை (1647) வேறுபடுத்தியது. முன்னது ஒருமுறை நிகழ்வது, பின்னது தொடர்வது. இதைவிடத் தெளிவான வரையறை பின்னர் எழுதப்படவில்லை எனலாம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, முழுமையான அன்பு இம்மையிலேயே கைகூடும் என்று 1766இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். மனித முயற்சியை அவர் உயர்த்திவிட்டார் என்ற குற்றச்சாட்டு முற்றிலும் நியாயமன்று. அந்த அன்பையும் தேவ வரம் என்றே அவர் கொண்டார். 1875இல் இங்கிலாந்தில் தொடங்கிய கெஸ்விக் கூட்டங்கள், போராட்டத்தைவிட ஒப்புக்கொடுத்தலை வலியுறுத்தின. டோனாவூரில் பணிபுரிந்த ஏமி கார்மைக்கேல் அவற்றின் ஆதரவில் அனுப்பப்பட்டவர்.

கீழைத் திருச்சபைகள் பரிசுத்தமாகுதலைத் தெய்வமயமாதல் என விளக்கும். பரிசுத்தமாகுதல் தனி அனுபவமா என்பதில் பெந்தெகொஸ்தேயினர் 1910 முதல் பிரிந்துள்ளனர். லூத்தரன்களும் கத்தோலிக்கரும் நீதிமானாக்கப்படுதல் பற்றி 1999இல் ஆக்ஸ்பர்க்கில் ஒப்பமிட்ட கூட்டறிக்கையை மெதடிஸ்டுகள் 2006இல் ஏற்றனர்.